அண்டவியல் படிக்க எந்த வழி? றக்வானையிலிருந்து ஒரு கேள்வி

“அக்கா, அண்டவியல் படிக்கணும்னா தியரெட்டிக்கல் பிசிக்ஸ் செய்யணுமா, அஸ்ட்ரோபிசிக்ஸ் செய்யணுமா?”

றக்வான நகரிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில், ஒரு லயன் வீட்டு வாசலில் வைத்து இதைக் கேட்டவர் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு மாணவி. நான் அங்கு போயிருந்தது தோட்டக் குடியிருப்புகள் பற்றிய வேறொரு கட்டுரைக்காக. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்த அவருடைய தாய், மகளின் கேள்விக்கு மேல் தன்னுடைய கேள்வியையும் வைத்தார்: “ரெண்டுல எதப் படிச்சா வேல கெடைக்கும் மிஸ்?”

இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்வது நேர்மையாகாது. ஊடகக் கற்கை படித்த நான் பௌதிகவியல் ஆசிரியர் அல்ல. ஆனால், அதன்பிறகு தேடிப் படித்ததில் ஒன்று தெளிவாகியது. அந்த மாணவி கேட்ட தெரிவை இப்போது செய்ய வேண்டியதில்லை. அதற்கு இன்னும் நான்கைந்து வருடங்கள் இருக்கின்றன. இப்போதே செய்ய வேண்டிய தெரிவு வேறொன்று. அது என்ன என்பதை விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரை.

வன்னியிலிருந்து இதை வாசிக்கும் பலருக்கு றக்வானை அந்நியமான பெயராக இருக்காது. 1977, 1981, 1983 வன்செயல்களின்போது சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. அங்கும் போர் அவர்களைத் துரத்தியது. இன்று அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உயர்தரம் படிக்கிறார்கள். கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் தேடி அலைவது மலையடிவாரத்துக்கும் வன்னிக்கும் பொதுவான அனுபவம்தான்.

முதலில், அண்டவியல் என்றால் என்ன? ஒரு விண்மீனையோ ஒரு கோளையோ தனியாக ஆராய்வது அதன் வேலையல்ல. முழு அண்டமும் எப்படித் தொடங்கியது, எப்படி விரிகிறது, எதனால் ஆனது, எங்கே போகிறது என்று கேட்பதே அண்டவியல். அண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், அது இந்தத் துறையின் உழைப்பு. அந்த உழைப்பு ஆரம்பத்திலிருந்தே இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது.

ஒரு பக்கத்தில் தாளும் பேனையும். 1915இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலின் சமன்பாடுகளை எழுதினார். 1922இல் ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஃப்ரீட்மனும் 1927இல் பெல்ஜியத்தின் ஜோர்ஜ் லெமேத்ரும் அந்தச் சமன்பாடுகளை முழு அண்டத்துக்கும் பொருத்திப் பார்த்து, அண்டம் நிலையாக இருக்க வேண்டியதில்லை, விரியலாம் என்று காட்டினார்கள். இதுதான் கோட்பாட்டுப் பௌதிகவியலின் வழி. இயற்கையின் அடிப்படை விதி எது, அந்த விதி உண்மையானால் வேறு என்னவெல்லாம் உண்மையாக வேண்டும் என்று கணிதத்தால் துருவிக்கொண்டே போவது.

மறுபக்கத்தில் வானம். அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஹென்றியெட்டா லெவிட் என்ற பெண், மணிக்கு 30 சத ஊதியத்துக்கு வானத்தின் புகைப்படத் தகடுகளைப் பார்த்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் அவரைப் போன்ற பெண்களைக் ‘கணிப்பான்கள்’ என்றே அழைத்தார்கள். தொலைகாட்டியை இயக்கும் வேலை ஆண்களுடையது. சிறிய மகெல்லன் மேகத்தில் உள்ள செபீட் என்னும் வகை விண்மீன்கள் கூடிக் குறைந்து ஒளிர்வதை ஒப்பிட்ட லெவிட், எந்த விண்மீன் கூடிக் குறைய அதிக நாள் எடுக்கிறதோ அதுவே உண்மையில் அதிக பிரகாசமானது என்பதை 1912இல் 25 விண்மீன்களை வைத்து நிறுவினார்.

இது ஏன் பெரிய விடயம்? இரவில் தோட்டத்தில் நின்று எதிர்மலையைப் பார்த்தால் ஒரு வெளிச்சம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய விளக்கா, லயன் வாசலில் எரியும் சின்னப் பல்பா என்று தெரியாவிட்டால், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. எந்த விளக்கு என்று தெரிந்துவிட்டால் தூரத்தைக் கணக்கிடலாம். லெவிட் கண்டுபிடித்தது விளக்கின் வகையை அறியும் முறையை. அதைக்கொண்டுதான் எட்வின் ஹபிள் கலக்ஸிகளின் தூரத்தை அளந்து, தூரம் கூடக் கூட அவை விலகும் வேகமும் கூடுகிறது என்று 1929இல் வெளியிட்டார். ஃப்ரீட்மனும் லெமேத்ரும் தாளில் கண்டது வானத்தில் அகப்பட்டது. வானில் உள்ளவற்றின் ஒளியை அளந்து, அவை எப்படி இயங்குகின்றன என்று பௌதிகவியலால் விளங்கிக்கொள்ளும் இந்த வழிதான் வானியற்பௌதிகவியல்.

(இடையில் ஒன்று. லெவிட் ஆராய்ந்த மகெல்லன் மேகங்கள் ஐரோப்பாவிலிருந்து தெரியாது. நமக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்களின் நிலவில்லாத இரவுகளில், தெற்குத் தொடுவானத்துக்குச் சற்று மேலே, மலை மறைக்காத இடத்தில் நின்று பார்த்தால் பெரிய மகெல்லன் மேகத்தைக் கண்ணாலேயே மங்கலான திட்டாகக் காணலாம். அது சுமார் 1 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் உள்ள இன்னொரு கலக்ஸி. நகர வெளிச்சம் குறைந்த தோட்டங்களுக்கு இருக்கும் சில வசதிகளில் இதுவும் ஒன்று.)

இரு வழிகளும் இன்று எப்படி வேறுபடுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள, இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு தகராறே நல்ல உதாரணம். அண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது? பிளாங்க் செய்மதி, அண்டத்துக்கு 3 இலட்சத்து 80 ஆயிரம் வயதாக இருந்தபோது புறப்பட்ட மிகப் பழைய ஒளியை அளந்தது. அதை வைத்து, நமக்குத் தெரிந்த கோட்பாட்டின் வழியே கணக்கிட்டால் விடை 67.4. அதாவது, ஏறத்தாழ 32.6 இலட்சம் ஒளியாண்டு தள்ளியுள்ள ஒரு கலக்ஸி செக்கனுக்கு 67.4 கிலோமீற்றர் வேகத்தில் விலகுகிறது. ஆனால், லெவிட்டின் செபீட் விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களையும் வைத்துத் தூரத்தைப் படிப்படியாக அளந்த அடம் றீஸ் குழுவினர் 2022இல் வெளியிட்ட விடை 73. இரு குழுக்களும் தத்தம் அளவீட்டின் பிழை எல்லை ஏறத்தாழ ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்கின்றன. ஆகவே இந்த இடைவெளியைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை.

இந்தச் செய்தியைக் கேட்டதும் உங்கள் மனம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

‘செபீட்டுகளின் ஒளியில் பக்கத்து விண்மீன்களின் ஒளி கலந்திருக்குமோ? இடையில் உள்ள தூசு ஒளியை மறைத்திருக்குமோ? வேறு வகை விண்மீனை வைத்து அளந்தால் என்ன வரும்?’ என்று போனால், உங்களுக்கு உகந்தது வானியற்பௌதிகவியல். உங்கள் நாட்கள் பெரும்பாலும் கணினியில் தரவுகளைச் சுத்தப்படுத்துவதிலும், பிழைகளைத் தேடுவதிலும், புள்ளிவிபரவியலிலும் போகும். தொலைகாட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் இரவுகள் சிலவே இருக்கும். பலருக்கு அதுவும் இல்லை.

‘கோட்பாட்டிலேயே ஏதோ குறைகிறது. ஆரம்ப அண்டத்தில் நமக்குத் தெரியாத ஒரு சக்தி இருந்திருந்தால் கணக்கு எப்படி மாறும்? ஈர்ப்பு விதியே மிகப் பெரிய தூரங்களில் வேறாக இருந்தால்?’ என்று மனம் போனால், கோட்பாட்டுப் பௌதிகவியல். பொதுச் சார்பியலும் குவாண்டம் புலக் கோட்பாடும் உங்கள் அன்றாடச் சாப்பாடாக இருக்கும். மாதக்கணக்கில் ஒரு கணக்கைப் போட்டு, அது எங்கும் போகவில்லை என்று கண்டு, கிழித்தெறிந்துவிட்டு மீண்டும் தொடங்கும் மனம் வேண்டும்.

ஆனால், இந்தக் கோடு மேலே சொன்ன அளவுக்குக் கூர்மையானதல்ல. வானியற்பௌதிகவியலிலும் கோட்பாட்டாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது சந்திரசேகர், பயணத்தின்போதே ஒரு வெண்குறளி விண்மீனின் நிறைக்கு உச்ச எல்லை உண்டு என்ற கணக்கைப் போட்டார். 1983இல் நோபல் பரிசு பெற்ற அவர் தொலைகாட்டிக்காரர் அல்ல. ஆனால், உலகம் அவரை வானியற்பௌதிகவியலாளர் என்றே சொல்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன் எம்.ஐ.ரி.யில் பௌதிகவியலும் கணிதமும் படித்து, கேம்பிரிட்ஜில் வானியல் நிறுவனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். விண்மீன் வெடிப்பில்லாமல் வாயு மேகம் நேரடியாகச் சரிந்தே ஆரம்பகாலப் பெரிய கருந்துளைகள் உருவாகியிருக்கலாம் என்று அவரும் சக ஆய்வாளர்களும் தாளில் எழுதியிருந்தார்கள். அதற்குப் பொருந்தக்கூடிய ஒரு கலக்ஸியை ஜேம்ஸ் வெப், சந்திரா ஆகிய விண்தொலைகாட்டிகள் கண்டதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. சந்திரா என்ற பெயர் அதே சந்திரசேகருடையதுதான்.

நமது நாட்டில் பிறந்து பதின்ம வயதில் பிரித்தானியாவுக்குப் போன ஹிரண்யா பீரிஸ், கேம்பிரிட்ஜில் இளமானிப் பட்டம் பெற்று, பிரின்ஸ்டனில் வானியற்பௌதிகவியல் துறையில் கலாநிதி ஆய்வு செய்தார். ஆனால், அவருடைய ஆய்வு அண்டத்தின் முதல் கணத்தைப் பற்றிய கோட்பாடுகளை டபிள்யூ-மப் செய்மதியின் தரவோடு பொருத்திப் பார்ப்பது. அந்தச் செய்மதிக் குழுவுக்கு 2018ஆம் ஆண்டுக்கான அடிப்படைப் பௌதிகவியலுக்கான பிரேக்த்ரூ பரிசு கிடைத்தபோது அவரும் அதில் பங்காளி. வானியற்பௌதிகவியல் துறையில் பட்டம், அடிப்படைப் பௌதிகவியலில் பரிசு. துறையின் பெயர்ப்பலகையைப் பார்த்து வழியைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்த இரண்டு வழிகளும் இரண்டு இடங்களாகவே நிற்கின்றன. சென்னை தரமணியில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தில் கோட்பாட்டுப் பௌதிகவியல். திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், ஜவ்வாது மலையில், 2.3 மீற்றர் ஆடியுள்ள வைணு பாப்பு தொலைகாட்டி. இலங்கையில் அப்படிச் சுட்டிக்காட்ட அதிகம் இல்லை. 1996இல் ஜப்பான் அன்பளிப்புச் செய்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி மொரட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் இருக்கிறது. பயிற்சிக்குப் போதுமானது. அண்டவியலுக்கு அது போதாது.

அப்படியானால் கருவியில்லாத நாட்டிலிருந்து வருபவருக்குக் கோட்பாடுதானே மலிவான வழி? நீண்ட காலமாக அதுதான் உண்மை. சுதந்திரத்துக்கு முன்பே இங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போய் டிராக்கிடம் ஆய்வு செய்த சி. ஜே. எலியேசர், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார். இலத்திரனின் இயக்கம் பற்றிய அவருடைய முடிவு இன்றும் அவர் பெயரால் குறிப்பிடப்படுகிறது. கொல்கத்தாவின் அமல் குமார் ராய்ச்சௌத்ரியின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. பொதுச் சார்பியலை விட்டுவிட்டு உலோகங்களைப் பற்றி ஆராயும்படி வேலையிடத்தில் சொன்னார்கள். அவர் சொன்னதையும் செய்தார், தனக்குப் பிடித்ததையும் விடவில்லை. வழிகாட்ட ஆளில்லாமல் அவர் எழுதி 1955இல் வெளியான சமன்பாடுதான், பத்து வருடம் கழித்து றொஜர் பென்றோஸும் பின்னர் ஸ்டீவன் ஹோக்கிங்கும் கருந்துளை, பெருவெடிப்பு பற்றிய தேற்றங்களை நிறுவப் பயன்படுத்திய கருவி.

இன்று நிலைமை மாறிவிட்டது. பிளாங்க் செய்மதியின் தரவுகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களின் இடத்தையும் பிரகாசத்தையும் அளந்த கையா செய்மதியின் அட்டவணை எவருக்கும் திறந்திருக்கிறது. ஒரு பழைய மடிக்கணினியும் பைதன் மொழியும் டேட்டா வாங்கக் காசும் இருந்தால், லெவிட் செய்த கணக்கைப் பெரிய மகெல்லன் மேகத்தின் செபீட்டுகளை வைத்து ஒரு பட்டதாரி மாணவி தானே செய்து பார்க்கலாம். டேட்டாவுக்குக் காசு என்பது தோட்டத்தில் சின்ன விடயமில்லை. ஆனால், தொலைகாட்டி கட்டுவதோடு ஒப்பிட்டால் சின்னதுதான்.

இனி, இப்போதே செய்ய வேண்டிய தெரிவுக்கு வருகிறேன். நமது அரச பல்கலைக்கழகங்களில் இளமானி மட்டத்தில் இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி யாரும் கேட்கமாட்டார்கள். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற விஞ்ஞான பீடங்களில் இருப்பது பௌதிகவியல், கணிதம். பௌதிகவிஞ்ஞானக் கற்கைக்கு அனுமதி பெற்று, முதல் வருடங்களில் நல்ல புள்ளிகள் எடுத்து, பௌதிகவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குள் நுழைவதுதான் வாசல். அதற்குமுன் உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் வேண்டும். பிள்ளைகள் இங்கேதான் உதிர்ந்துபோகிறார்கள். சப்ரகமுவத் தோட்டப் பிள்ளை ஒருவர் தமிழ்மொழி மூலம் கணிதப் பிரிவு படிக்க வேண்டுமென்றால், வீட்டைவிட்டு விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படிக்க வேண்டிவருவது சாதாரணம். பஸ் காசும் விடுதிக் காசும் யார் கட்டுவது என்ற கேள்வி, கோட்பாடா வானியலா என்ற கேள்விக்கு முன்னால் வந்து நிற்கிறது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இரத்தினபுரியும் வன்னி மாவட்டங்களும் அந்தப் பதினாறில் அடங்கும். ஆனால், மாணவர் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்தே அவரது மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாறுவதற்கு முன்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை வாசித்துவிடுங்கள். நல்ல ஆசிரியரைத் தேடிப்போய் மாவட்டத்தை இழப்பது சிலருக்கு இலாபம், சிலருக்கு நட்டம்.

இசட் புள்ளி பொறியியலுக்குப் போதுமாக வந்துவிட்டால் வீட்டில் இன்னொரு சண்டை தொடங்கும். பொறியியலை விட்டுவிட்டுப் பௌதிகவியலா? இதில் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிள்ளையின் சம்பளத்தில் மூன்று தலைமுறை எழும்பக் காத்திருக்கும் வீட்டில் அது பேராசையல்ல. 2019இல் அண்டவியல் கோட்பாட்டுக்காக நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் பீபிள்ஸ்கூட கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகத்தில் பொறியியலில் சேர்ந்துதான் பௌதிகவியலுக்கு மாறினார். ஆனால், அவருக்குப் பின்னால் லயன் அறை இருக்கவில்லை.

ஆகவே தாயின் கேள்விக்கு என் பதில் இது. அண்டவியலாளராக நிரந்தர வேலை உலகம் முழுவதிலும் சிலருக்கே கிடைக்கிறது. கலாநிதிப் பட்டம் பெற்றவர்களிலும் பலர் வேறு வேலைக்குப் போகிறார்கள். அங்கேதான் இரு வழிகளுக்கும் வித்தியாசம் வருகிறது. தரவோடு வேலை செய்தவருக்குப் புள்ளிவிபரவியலும் நிரலாக்கமும் கையில் இருக்கும், அதற்கு வங்கியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் விலை உண்டு. தூய கோட்பாட்டில் போனவர் அந்தத் திறனைத் தனியாகத் தேடிக்கொள்ள வேண்டும்.

மகளின் கேள்விக்கு: இளமானியில் கணிதத்தின் பக்கம் சாய்ந்து படியுங்கள். கிடைக்கும் கணிதப் பாடங்களையெல்லாம் எடுங்கள், பொதுச் சார்பியல் கற்பிக்கப்பட்டால் தவறவிடாதீர்கள். தரவுப் பகுப்பாய்வை இருபத்தைந்து வயதிலும் கற்கலாம், கணித அடித்தளத்தை அந்த வயதில் போடுவது மிகக் கடினம். கூடவே முதல் வருடத்திலிருந்தே பைதன் பழகுங்கள். மேற்படிப்பு என்று வரும்போது, ஈர்ப்பும் குவாண்டமும் சேரும் இடம்தான் உங்களைத் தூங்கவிடாத கேள்வியென்றால் கோட்பாட்டுக்குப் போங்கள். அப்படி இல்லையென்றால் வானியற்பௌதிகவியல் துறையில் தரவோடு அண்டவியல் செய்யும் ஒரு குழுவைத் தேடுங்கள். துறையின் பெயரைவிட, உங்களை மேற்பார்வை செய்யப் போகிறவர் என்ன ஆராய்கிறார் என்பதையே பார்க்க வேண்டும். அவர்களுடைய கட்டுரைகளும் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பட்டம் முடித்து, வெளிநாட்டுக் கட்டணத்தை நினைத்துப் பின்வாங்குபவர்கள் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் உள்ள சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையத்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். பாகிஸ்தானியரான அப்துஸ் சலாம், நம்மைப் போன்ற நாடுகளின் மாணவர்களை மனதில் வைத்து 1964இல் தொடங்கிய நிறுவனம் அது. வளர்ந்துவரும் நாடுகளின் பட்டதாரிகளுக்காக அங்கு ஒரு வருட டிப்ளோமா நடக்கிறது, அதன் பிரிவுகளில் ஒன்று உயர்சக்திப் பௌதிகவியல், அண்டவியல், வானியற்றுகள் பௌதிகவியல் மூன்றையும் ஒன்றாகவே கற்பிக்கிறது. தெரிவாகிறவருக்குக் கற்கைக் கட்டணம் இல்லை, தங்கும் செலவுக்கும் உதவித்தொகை உண்டு. படிப்பு ஆங்கிலத்தில். நமது விஞ்ஞான பீடங்களிலும் அப்படித்தான். தமிழில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அழைப்புக்கும் காத்திருக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்கினால், முதலாம் வருட விரிவுரை மண்டபத்தில் அந்த மொழியோடு போராடும் நேரம் குறையும்.